ஊறுகாய்ப்புல் போடும்போது கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் மிஞ்சும் பசுந்தீவனத்தைக் கோடைக்கு எடுத்துவைக்க ஊறுகாய்ப்புல்தான் (சைலேஜ்) நல்ல வழி. இலையில் ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா, காற்றில்லாத இடத்தில் பயிரின் சர்க்கரையை அமிலமாக்குகிறது. பிஎச் அளவு (புளிப்பு ஏற ஏற இது குறையும்) 6-லிருந்து 4-க்கு அருகே இறங்கியதும் அழுகவைக்கும் கிருமிகள் முடங்கிவிடும்.

மக்காச்சோளம் முதல் தேர்வு. மணி பால் முற்றி மாவாகத் திரளும்போது அறுக்கவும். சர்க்கரை போதுமான அளவு இருப்பதால் எதுவும் சேர்க்க வேண்டாம். சேர்ப்பதற்கென்று விற்கும் பாக்டீரியா பொடிக்குச் செலவிடும் காசில் நல்ல பிளாஸ்டிக் விரிப்பு வாங்கலாம். கம்பு நேப்பியர் தீவனப்புல்லில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. அதை அரை நாளாவது வாடவிட்டு, 100 கிலோவுக்கு 2 கிலோ கழிவுப்பாகை (மொலாசஸ்) அதே அளவு தண்ணீரில் கரைத்துத் தெளிக்கவும்.

ஈரம் 65–70% இருக்க வேண்டும். 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்கியதில் ஒரு பிடி அள்ளி, அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். சாறு வடிந்தால் இன்னும் வாட வேண்டும். உருண்டை மெல்ல விரிந்து, உள்ளங்கை லேசாக நனைந்திருந்தால் சரி. உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. குழியில் போட்டு எவ்வளவு மிதித்தாலும் இடுக்கில் காற்று தங்கும்.

ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் குழி வேண்டும். மழைநீர் தேங்காத மேட்டில் வெட்டி, அடியிலும் பக்கத்திலும் விரிப்பு போடவும். அரையடி கனத்துக்குப் பரப்பி மிதிக்கவும், ஓரங்களையும் மூலைகளையும் இரண்டு மடங்கு மிதிக்கவும். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். ஒரே நாளில் நிரப்பி, மேலே குவித்து, விரிப்பால் மூடி மண் போடவும். 45 நாள் திறக்கக் கூடாது. எலி கடித்த ஓட்டையை அன்றே அடைத்துவிடுங்கள்.

நன்றாக வந்தது மஞ்சள் கலந்த பச்சையாக, புளிப்பு வாசனையோடு இருக்கும். ஊசிப்போன வெண்ணெய் நாற்றமடித்தால், ஈரம் மிஞ்சி கிளாஸ்ட்ரிடியம் என்ற அழுகவைக்கும் பாக்டீரியா பெருகியிருக்கிறது. கரும்பழுப்பாகி, கருகிய வாசம் வந்தால் காற்று இருந்து சூடேறியிருக்கிறது. பூஞ்சை பிடித்த பகுதியைச் சுற்றியுள்ளதோடு சேர்த்து எறிந்துவிடவும். கழுவியும் காயவைத்தும் கொடுக்காதீர்கள்.

திறந்தபின் ஒரு பக்கத்திலிருந்து தினமும் அரையடிக்குக் குறையாமல் வெட்டியெடுத்து உடனே மூடவும். கறவை மாட்டுக்கு 5 கிலோவில் தொடங்கி, ஒரு வாரத்தில் 15–20 கிலோவுக்குக் கொண்டுவரலாம். பால் கறந்த பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் பாலில் வாசம் ஏறும்.