பழைய மின்சாதனங்களைக் கழிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழுதான போனை யாரும் அன்றைக்கே குப்பையில் போடுவதில்லை. 'இருக்கட்டும், எதற்காவது ஆகும்' என்று இழுப்பறையில் போடுகிறோம். சார்ஜர், இயர்போன், பழைய ரவுட்டர் என்று ஒவ்வொன்றாக அதன்மேல் சேர்கின்றன. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இன்றைக்கு இன்னொருவர் கையில் ஓடக்கூடிய போன், ஐந்து வருடம் கழித்து மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோய் வெறும் உலோக மதிப்புக்குத்தான் ஆகும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியோ கவனிப்பாரின்றி முழுவதும் வடிந்து கெடும், சில சமயம் உப்பவும் செய்யும். வைத்தே தீர வேண்டுமென்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

உலகம் முழுக்க 2022இல் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான். மீதியில் எத்தனை இழுப்பறைகள் அடங்கியிருக்குமோ!

சரி, கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்ததும் வருவது தரவுச் சிக்கல். படங்களை அழித்துவிட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. ஹார்ட் டிஸ்க்கில் 'டெலீட்', 'குவிக் ஃபார்மட்' எல்லாம் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் நீக்கும். மேலே வேறு எதையாவது எழுதும்வரை கோப்பு அங்கேயே இருக்கும், மீட்டெடுக்கவும் முடியும். எனவே டிஸ்க் முழுவதையும் ஒருமுறை மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் சேமிப்பகம்) வேறு விதம். எந்தத் தரவை எந்த மூலையில் வைப்பது என்று அது தானே மாற்றிக்கொண்டிருப்பதால் மேலெழுதுவது எல்லா இடத்தையும் எட்டாது. தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் எரேஸ்' வசதிதான் அதற்குச் சரி.

போனில் வேலை சுலபம், ஆனால் வரிசை முக்கியம். இப்போதைய போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அதாவது டிஜிட்டல் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதால், 'ஃபேக்டரி ரீசெட்' செய்தாலே திறவுகோல் அழிந்து தரவு பயனற்றுப்போகும். அதற்கு முன்பே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட வேண்டும். மறந்தால், உங்கள் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி போனுக்குப் பூட்டு விழுந்துவிடும். நல்ல போன் யாருக்கும் பயன்படாமல் நேரே உடைக்கப் போய்விடும். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஸ்மார்ட் டிவியிலும் ரவுட்டரிலும் உங்கள் கடவுச்சொற்கள் இருக்கும் என்பது பலருக்கு நினைவே வருவதில்லை. பாதுகாப்புக்காகப் போனைச் சுத்தியலால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தரவு அழிகிறதோ இல்லையோ, பேட்டரி தீப்பற்றும்.

பேட்டரிக்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். குப்பை வண்டியில் அழுத்தப்படும் லித்தியம் பேட்டரியின் உள்தடுப்பு கிழிந்தால் மின்முனைகள் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். சூடு மேலும் சூட்டைக் கிளப்ப, சுற்றியிருக்கும் காகிதமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும். மின்சாரப் பல்துலக்கி, ஷேவர், புளூடூத் இயர்போன், குழந்தைகளின் பொம்மை ஆகியவற்றுக்குள்ளும் இதே பேட்டரிதான். கழற்ற முடிந்தால் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனியாகக் கொடுங்கள். ஒட்டி மூடிய சாதனமென்றால் நெம்பித் திறக்காமல் அப்படியே கொடுப்பதே நல்லது. உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. மூடாத உலோகப் பாத்திரத்தில் உலர்ந்த மணலுக்குள் வைத்து, சேகரிப்பு மையத்தில் சொல்லிக் கொடுங்கள். கூரியரில் அனுப்பும் யோசனை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, பிரித்து விற்கும் ஆசை. செம்பு தனியாக, அலுமினியம் தனியாகக் கொடுத்தால் கூடக் காசு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய டிவியின் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருந்த மின்னழுத்தத்தின் மிச்சம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஃபிரிட்ஜின் குழாயை வெட்டினால், பழைய மாடலாக இருந்தால் ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-12 வாயு வெளியேறும். 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் உலகம் கைவிட்ட வாயு அது. புவி வெப்பத்தைக் கூட்டுவதில் அதே எடை கார்பன்டை ஆக்சைடைவிடச் சுமார் 10,000 மடங்கு வலியது. புதிய மாடல்களில் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். அது தீப்பிடிக்கும்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது இதைவிட மோசம். பிவிசி பிளாஸ்டிக் உறை எரியும் புகையில் டையாக்சின்கள் என்ற கடும் நச்சுப்பொருள்கள் வரும். அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் காணொளிகளைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். ஒரு போனில் இருக்கும் தங்கம் சில பத்து மில்லிகிராம்தான், கிளம்பும் நச்சுப்புகைக்கு அது ஈடாகாது.

சிஎஃப்எல் பல்பிலும் டியூப் லைட்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடையாமல் சுற்றிக் கொடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையிலிருந்து பத்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுக்க வேண்டும். வாக்குவம் கிளீனர் போட்டால் பாதரசம் அறை முழுக்கப் பரவும்.

யாரிடம் கொடுப்பது? சக்கரக் குப்பைத்தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்ட சின்னம் பொருளில் இருந்தால், அது சாதாரணக் குப்பையோடு சேரக் கூடாது என்று பொருள். பல நாடுகளில் தயாரித்தவரோ விற்றவரோ திரும்ப வாங்கிக்கொள்ளும் சட்டக் கடமை இருக்கிறது. முதலில் அவர்களைக் கேளுங்கள். எடைக்கு வாங்குபவரிடம் கொடுப்பதென்றால் அங்கீகாரம் இருக்கிறதா, பொருள் அடுத்து எங்கே போகிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். ஓடாததைத் தொண்டு நிறுவனத்துக்குத் 'தானம்' செய்வதும் சரியல்ல, கழிக்கும் செலவைத்தான் அவர்கள் தலையில் கட்டுகிறோம். ஃபிரிட்ஜைக் கொடுக்கும் நாள்வரை வெளியே வைத்திருந்தால் கதவைக் கழற்றியோ கட்டியோ வையுங்கள். விளையாடும் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சுத் திணறிவிடும்.