மின்தடை ஏறினால் எரிவாயுவா, வெறும் பாறையா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் போடுமுன் கருவி வைத்து நீரோட்டம் பார்ப்பதைக் கண்டு வளர்ந்த மாணவர்களுக்கு, மின்தடை இறங்கினால் தண்ணீர், ஏறினால் வெறும் பாறை என்ற கணக்கு மனத்தில் பதிந்திருக்கும். நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் நைஸ், சார்னோகைட் பாறைகளில் வெடிப்புகளைத் தவிர இடைவெளி இல்லாததால் இங்கே அது சரி. குத்தாலம், ராமநாதபுரம் பகுதிகளில் எரிவாயு தரும் காவிரிப் படுகையின் மணற்பாறையிலோ, மின்தடை ஏறுவது எரிவாயுவாகவும் இருக்கலாம், துளையற்று இறுகிய பாறையாகவும் இருக்கலாம். ஆகவே கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக எடுக்கும் பதிவுக்கோடுகளான லாக்குகளில், மின்தடை லாக்கைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் காமா கதிர் லாக்கில் அளவு குறைந்த பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். களிப்பாறையில் பொட்டாசியமும் தோரியமும் மிகுதி என்பதால் அங்கே கோடு உயரும். குறித்த பகுதிகளில் அடர்த்தி லாக்கையும் நியூட்ரான் லாக்கையும் மணற்பாறை அளவுகோலில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். தண்ணீர் நிறைந்த மணற்பாறையில் இரண்டும் ஒட்டிச் செல்லும். எரிவாயு இருந்தால் அடர்த்தியும் குறையும், ஹைட்ரஜன் குறைவதால் நியூட்ரான் காட்டும் துளைமையும் (பாறையில் இடைவெளியின் பங்கு) குறையும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டி விலகும். கிணற்றின் சுவர் இடிந்த இடத்திலும் அடர்த்தி பொய்யாகக் குறையும் என்பதால் கிணற்றின் விட்டத்தை அளக்கும் காலிப்பர் லாக்கைப் பாராமல் மகிழ வேண்டாம்.

இதன் பிறகே, துளைகளில் நீரின் பங்கை மின்தடையிலிருந்து கணிக்க 1942-இல் ஆர்ச்சி என்ற பொறியாளர் தந்த சமன்பாடு. துளைமை 0.20, அடுக்கு நீரின் மின்தடை 0.1 ஓம்-மீட்டர், பாறையின் மின்தடை 40 ஓம்-மீட்டர், சமன்பாட்டில் துளைமைக்கும் நீரின் பங்குக்கும் வரும் அடுக்குக்குறிகள் இரண்டும் 2 என்று கொண்டால், 0.1-ஐத் துளைமையின் வர்க்கமான 0.04-ஆல் வகுத்து, வரும் 2.5-ஐ 40-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க, நீரின் பங்கு 0.25, எஞ்சிய 0.75 எரிவாயு. களி கலந்த மணலில் இந்தக் கணக்கு நீரை மிகையாகக் காட்டும்.

கிணறு சொல்வது ஓரிடத்தின் செய்தி; பரப்பைச் சொல்வது நில அதிர்வுத் தரவு. ஒலி லாக்கையும் அடர்த்தி லாக்கையும் கொண்டு செயற்கை அதிர்வுத் தடம் ஒன்றை உருவாக்கி, உண்மைத் தடத்தோடு பொருத்தி, அடுக்கு எந்த நேரத்தில் தெரிகிறது என்று உறுதிசெய்யுங்கள். அங்கே எதிரொலிப்பு பளிச்சென்று தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. துளைநீரில் சிறிதளவு வாயு கலந்தாலே அலை வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், ஆகவே வணிகத்துக்கு உதவாத வாயுவும் அதே பளிச்சைக் காட்டும். என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பரப்பு, தடிமன், துளைமை, எரிவாயுப் பங்கு ஆகியவற்றைப் பெருக்கி, வாயுவின் கன அளவுக் காரணியால் (நிலத்தடியில் உள்ள கன அளவுக்கும் மேற்பரப்பில் அதே வாயுவின் கன அளவுக்கும் உள்ள விகிதம்) வகுத்தால் இருப்பு கிடைக்கும். எரிவாயுவும் நீரும் சந்திக்கும் மட்டம் கிணற்றில் தென்படவில்லை என்றால், வாயு காணப்பட்ட மிகத் தாழ்ந்த ஆழம் வரை மட்டுமே பரப்பை எடுங்கள்.