காந்தம் முதலில், குளிர் பிறகு: மைஸ்னர் விளைவைச் சரியாகக் காட்டும் முறை

கல்லூரிச் செயல்விளக்கங்களில் மீக்கடத்தி (போதிய அளவு குளிர்ந்தால் மின்தடை முழுதும் மறையும் பொருள்) வில்லையைக் குளிரவிட்டு, அப்புறம் காந்தத்தை மேலே வைப்பதுதான் வழக்கம். காந்தம் மிதக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் மின்தடையே இல்லாத எந்தக் கடத்தியும் அருகே வரும் காந்தத்தை அப்படித் தள்ளும். 1911-இல் காமர்லிங் ஓனஸ் 4.2 கெல்வினில் பாதரசத்தில் கண்டது தடை மறைவதை மட்டுமே. உள்ளே ஏற்கெனவே புகுந்த காந்தப்புலத்தையும் மீக்கடத்தி வெளியேற்றும் என்று மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் காட்டியது 1933-இல். இதுவே மைஸ்னர் விளைவு. அதைக் காட்ட வரிசையை மாற்ற வேண்டும்.

தேவையானவை: 25 மி.மீ. இட்ரியம்-பேரியம்-காப்பர்-ஆக்சைடு வில்லை, 5 மி.மீ. நியோடிமியம் காந்தம், தெர்மாகோல் கிண்ணம், பிளாஸ்டிக் இடுக்கி, அரை லிட்டர் திரவ நைட்ரஜன். கொங்குப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இந்த நைட்ரஜன் புதிதல்ல. சினை ஊசிக்கான உறைவிந்து இதில்தான் இருக்கிறது. அந்தக் கேனில் கை வைக்காதீர்கள், மட்டம் குறைந்தால் விந்து வீண். தொழிற்சாலைகளுக்கு வாயு விற்பவர்களிடம் வாங்குங்கள். கேன் மூடியை இறுக்கக் கூடாது: 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அறை வெப்பத்திலேயே காந்தத்தை வில்லை மேல் வையுங்கள். நைட்ரஜனைக் கிண்ணத்தின் ஓரமாக, வில்லையின் விளிம்பு வரை மட்டும் ஊற்றுங்கள். காந்தம் முழுகினால் கொதிப்பே அதைத் தள்ளிவிடும். கொதிப்பு அடங்கி, வில்லை 92 கெல்வினுக்குக் கீழே இறங்கியதும் காந்தம் தானாக எழும். தடை மட்டும் மறைந்திருந்தால் அது வைத்த இடத்திலேயே கிடந்திருக்கும்.

எழவில்லையா? விலை உயர்ந்த, உருக்கி வளர்த்த வில்லையாக இருக்கலாம். அது புலக்கோடுகளை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வதால் காந்தம் அசையாது. இந்தச் சோதனைக்குத் தூளை அழுத்திச் சுட்ட மலிவு வில்லையே மேல். எந்த வரிசையிலும் மிதக்காவிட்டால் ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 டிகிரி செல்சியசில் ஓர் இரவு வைத்து மெல்ல ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். வில்லை பச்சையாக இருந்தால் கலவையே தவறு, அதை விட்டுவிடுங்கள்.

காரணம் கேட்கும் மாணவரிடம் 1957-இன் பி.சி.எஸ். கோட்பாட்டை (எலக்ட்ரான்கள் இணை சேர்வதால் மீக்கடத்தல் வருகிறது என்ற விளக்கம்) அப்படியே ஒப்பிக்க வேண்டாம். எலக்ட்ரான்கள் இந்த ஆக்சைடிலும் இணை சேர்கின்றன. ஆனால் பாதரசத்தில் அவற்றைச் சேர்த்த அணிக்கோவை அதிர்வே (படிகத்தில் அடுக்கியிருக்கும் அணுக்களின் அதிர்வே) இங்கும் காரணமா என்பது இன்னும் தீராத வழக்கு.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் வில்லைமேல் பனி சீக்கிரம் படியும். முடிந்ததும் பனியை ஹேர் டிரையரால் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வையுங்கள். ஈரம் இந்த ஆக்சைடைச் சிதைக்கும்.