முதல் ஹாம் ரேடியோ: வாட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள்

முதல்முறை கையடக்க ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானலையில் பேச உதவும் அமெச்சூர் வானொலி) வாங்கும்போது 8 வாட் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்காமல், பாவோஃபெங் யுவி-5ஆர் போன்ற 5 வாட் செட்டை எடுங்கள். மிச்சப் பணத்தில் நீளமான ஆன்டெனா வாங்குங்கள். 5 வாட்டிலிருந்து 8-க்குப் போனால் சிக்னல் வலிமையில் கூடுவது வெறும் 2 டெசிபல்; எதிரே கேட்பவருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, பேட்டரிதான் சீக்கிரம் தீரும். ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில், ஆன்டெனா நன்றாக வேலை செய்ய ஏற்ற நீளமான கால் அலைநீளம் சுமார் 50 செ.மீ.; கூடவே வரும் ரப்பர் ஆன்டெனா அதில் பாதிகூட இருக்காது. நல்ல ஆன்டெனா அனுப்புவதோடு கேட்பதையும் மேம்படுத்தும். வாங்குமுன் கனெக்டரைப் பாருங்கள், யுவி-5ஆர் செட்டுக்கு எஸ்எம்ஏ ஃபீமேல் (திருகி மாட்டும் சிறிய கனெக்டர் வகை) ஆன்டெனாதான் பொருந்தும்.

நடுவில் மலையோ நெருக்கமான கட்டடங்களோ மறைத்தால் நீளமான ஆன்டெனாவும் உதவாது. அப்போது மொட்டைமாடிக்குப் போவதுதான் வழி. அப்புறம், இந்தியாவில் ஹாம் உரிமம் கைக்கு வந்த பிறகே செட் வாங்குங்கள்.