ஹோமியோபதிப் புட்டியின் குறியீட்டைப் படிக்கும் முறை

மருந்தின் பெயருக்கு அடுத்துள்ள எண்ணையும் எழுத்தையும் முதலில் பாருங்கள். ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796இல் முன்வைத்த கொள்கையின்படி, நலமாக உள்ளவரிடம் ஓர் அறிகுறியைத் தோற்றுவிக்கும் பொருளே, அதே அறிகுறியுள்ள நோயாளிக்கு மிகவும் நீர்த்த நிலையில் தரப்படுகிறது. ‘30 சி’ என்றால், ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்கி, அக்கலவையில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் அதேபோல் நீர்ப்பதை மொத்தம் 30 முறை தொடர்ந்து செய்திருக்கிறார்கள் என்று பொருள். 12 முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ‘எக்ஸ்’ எனில் பத்தில் ஒன்று என்ற விகிதம். எண் சிறியதாக இருந்தால் மூலப்பொருள் உண்மையாகவே எஞ்சியிருக்கும். எனவே அது நஞ்சா என்று கேட்டறியுங்கள், குழந்தைக்குக் கொடுப்பதானால் கட்டாயமாக. எந்த நோய்க்கும் இம்முறை பயனளிப்பதாக நம்பத்தக்க சான்றில்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் முடிவுக்கு வந்தது. இன்சுலினையோ ஆஸ்துமா இன்ஹேலரையோ இதற்காக ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.