பாண்டியில் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா? மழை விட்ட மறுநாள் போங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரை விட்டு பாண்டிக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது, இப்போது இருப்பது மூன்றாவது வீடு. முதல் இரண்டையும் காலி பண்ணியதற்கு வாடகை காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, நல்ல வெயில், ஓனர் வீட்டைக் கழுவித் துடைத்து ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருக்கிறார், பக்கத்தில் நிற்கும் புரோக்கர் "சார், இத விட்டா சாயங்காலமே வேற ஆளு வந்துடுவாங்க" என்கிறார். அந்த நேரத்தில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். அப்படி ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்ததுதான் நாங்கள் இரண்டு முறை செய்த தவறு.

முதல் வீடு ரெயின்போ நகர் பக்கம், தரைத்தளம். பெயரிலேயே மழை இருக்கிறது, எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அதில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரெல்லாம் எப்படி மிதந்தது என்று ஊருக்கே தெரியும். அப்படியொரு மழை அடிக்கடி வராது, சரி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாதாரணமாகப் பெய்கிற மழைக்கே எங்கள் வாசல்படி நனைந்துவிடும். ஓனர்கள் சுவருக்குப் புது பெயின்ட் அடித்துவிடுவார்கள், அதைப் பார்த்துப் புண்ணியமில்லை. இரும்பு கேட்டின் அடிப்பக்கம் எந்த உயரம் வரை துருப்பிடித்திருக்கிறது, எதிர்வீட்டு மதிலில் கறை எங்கே நிற்கிறது, தண்ணீர் மோட்டாரைத் தரையில் வைத்திருக்கிறார்களா இல்லை மேடை கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்களா, இதைப் பாருங்கள். மோட்டாருக்கு மூன்றடி மேடை போட்டிருந்தால் அந்தத் தெருவின் கதை அதிலேயே இருக்கிறது. அப்புறம் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார், அவருக்குக் கமிஷன் கிடையாது.

இரண்டாவது வீடு கடலோரம். காற்று அருமை, மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். தண்ணீரை மட்டும் வாயில் வைக்க முடியாது. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும், இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா, பக்கெட்டின் உள்பக்கம் வளையம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவி நுரை வருகிறதா பாருங்கள். எங்கள் வீட்டில் துவரம் பருப்பு ஏழு விசிலுக்கும் மசியாது, கீசர் ஒரு வருஷத்தில் போய்விட்டது. கேன் தண்ணீர், கீசர் செலவெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டதில் ஒன்றும் மிச்சமில்லை. பீரோவை நகர்த்திப் பின்சுவரையும் தொட்டுப் பாருங்கள், ஓதம் அடித்தால் கை சில்லென்று இருக்கும்.

வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது எல்லை விஷயத்தில். முத்தியால்பேட்டை தாண்டி இசிஆரில் போனால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. விளம்பரத்தில் எல்லாமே "பாண்டிச்சேரி" என்றுதான் இருக்கும். கரண்ட் பில்லில் தொடங்கி எல்லாம் மாறும்: தமிழ்நாட்டுப் பக்கம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று உண்டு, புதுச்சேரியில் அது கிடையாது. பிள்ளைக்கு நாளைக்கு சென்டாக்கில் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கை அமைப்பு) புதுச்சேரி ஒதுக்கீட்டில் சீட் வாங்க நினைப்பவர்கள், தொடர்ந்து புதுச்சேரியில் குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, இரண்டாயிரம் வாடகை குறைகிறதென்று எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு அப்புறம் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

சட்டமும் வேறு வேறு. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, 11 மாதமோ என்னவோ, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றும் அதில் இருக்கிறது, ஆனால் "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்" என்று ஒரு வால் உண்டு, அதனால் நீங்கள் கையெழுத்துப் போடுகிற தாள்தான் முக்கியம். எல்லைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான், ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதால். எந்தப் பக்கமானாலும் நான்கு விஷயம் தாளில் இருக்க வேண்டும்: சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு, வருஷத்துக்கு வாடகை எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், அட்வான்ஸில் பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள். கடைசியை எழுதாமல் விட்டதால் எங்களுக்கு ஒன்றரை மாத வாடகை போனது. நாங்கள் வருவதற்கு முன்பே சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளுக்கும் சேர்த்துத்தான் கழித்தார் அந்த ஓனர், மறுக்க எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், அறை அறையாக வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்து லீஸுக்கு எடுப்பதும் இங்கே உண்டு, போக்கியம் என்பார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் இதில் இறங்கவே இறங்காதீர்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே பேங்க் கடன் இருந்து ஓனர் தவணை கட்டாமல் விட்டால், பேங்க் வந்து வீட்டைப் பூட்டும்போது உங்கள் லட்சத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

வெள்ளை நகரத்தில், அதாவது ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியில், வீடு கிடைக்கிறது என்று ஆசைப்படுபவர்களுக்கு: அங்கே நல்ல வீடெல்லாம் கெஸ்ட் ஹவுஸாகிக்கொண்டிருக்கிறது, ஓனருக்கு உங்கள் மாத வாடகையைவிட சனி ஞாயிறு டூரிஸ்ட் பணம் பெரிது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நின்று பாருங்கள், வண்டி விட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டைக் காட்டாமல் போனிலேயே டோக்கன் அனுப்பச் சொல்பவர், ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டை படம் அனுப்பினாலும், ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி, ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் பார்த்து வீடு தேடுவதும் ஒரு தவறு, அப்போது ஓனர் சொன்னதுதான் விலை. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், டு லெட் போர்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். இப்போதைய வீட்டை அப்படித்தான் பிடித்தோம், மாடி வீடு, தெற்குப் பார்த்த வாசல் வேறு, ரெண்டு மாசமாகக் காலியாகக் கிடந்ததாம். முந்தின நாள் நல்ல மழை. தெரு காய்ந்திருந்தது. ஆயிரம் குறைத்துப் பேசி சாவியை ஆடியிலேயே வாங்கிக்கொண்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சினோம். இடைப்பட்ட நாளுக்கு ஓனரம்மா வாடகை கேட்கவில்லை.