லயத்துக்கு எத்தனை வீடோ அத்தனை மங்கு

மலேசியாவில் ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் காலியாவதைப் பேனரில் எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை. மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கை வரிசையாகக் காட்சிக்கு வைத்தால் குனிந்து பார்ப்பார்கள். வீட்டுக்கு ஒரு மங்கு. ஆள் இருக்கும் வீட்டுக்கு நிமிர்த்தி, காலி செய்ய வைத்த வீட்டுக்குக் கவிழ்த்து. அவ்வளவுதான்.

2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிகள் இடிந்து மாண்ட பிள்ளைகளுக்காக சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 2009இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு கட்டட முகப்பு முழுக்க 9,000 பள்ளிப் பைகளை மாட்டினார். பை மட்டும்தான். நமக்கோ பால் வெட்டும் கத்தி, பால் காவும் காண்டா வாளி, அரிக்கேன் விளக்கு என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் அது பழம்பொருள் மூலையாகிவிடும்.

முதலில் கதவுகளை எண்ணுங்கள். முதுகோடு முதுகாக 12, 12 என்று 24 வீடு இருந்தால் 24 மங்கு. உடைவதற்கு இன்னும் ஆறு. சுங்கை சிப்புட், பகாவ் பக்கம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய தோட்டங்களில் பழைய பீங்கான் மங்கு பழஞ்சாமான்காரரிடம் இருக்கும், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது பூச்செடி தாங்கிக்கொண்டிருக்கும். வெளிமண்ணை மட்டும் கழுவுங்கள். உள்ளே ஒட்டிக் கறுத்த பாலைச் சுரண்டினால் கடையில் வாங்கிய கிண்ணம் போலாகிவிடும்.

பலகை இரண்டு: 12 அடி நீளம், 8 அங்குல அகலம், தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். நான்கு அடிக்கு ஒரு கால் கொடுங்கள், இல்லையென்றால் நடுவில் தொய்ந்து மங்கு நகரும். மங்குக்கு மங்கு ஓர் அடி. அடிப்பாகம் சிறுத்த மங்கு ஆடும். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அடியில் வையுங்கள். பலகை விளிம்பில் வீட்டு எண் போதும். பெயர் எழுத வேண்டாம். வழக்கில் இருக்கும் குடும்பத்துக்கு அது வம்பு.

பலரும் கோட்டைவிடுவது பாலில்தான். நிமிர்ந்த மங்குகளில் அன்று காலை வெட்டிய பாலில் ஒரு மேசைக்கரண்டி ஊற்றிச் சுழற்றுங்கள். மெல்லிய படலமாக நின்றால் சில நாளில் வெள்ளை மாறித் தேநீர் நிறத்துக்கு வரும். பார்க்க நன்றாக இருக்கிறதென்று பாதி மங்கு ஊற்றினால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், மூன்றாம் நாள் பாலாய் ராயா (ஊர்ப் பொதுமண்டபம்) முழுக்க நாறும். மதியம்வரை வைத்திருந்தால் வாளியிலேயே கட்டிப்பால் ஆகிவிடலாம். உடுப்பில் பட்ட பால் போகாது. சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள்.

திறந்த வெளியில் வைப்பதென்றால் கூரை கட்டாயம். நிமிர்ந்த மங்கில் மழைநீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் வந்தால் அபராதம் உங்களுக்குத்தான்.

காட்சி நடக்கும்போதே ஒரு குடும்பம் போனால், அந்த எண்ணுக்குரிய அதே மங்கைக் கவிழுங்கள், பால் காய்ந்தபடியே இருக்கட்டும். வேறு மங்கு மாற்றக் கூடாது.